ஓர் ஆளுக்குச் சமையல்

எனக்கும் என் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாத்தனார் வாயிலிருந்து இவ்வளவு புகழ்ச்சியா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள்.

அண்ணி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரியாக இருந்தாள். நூற்றுக்கணக்கான பேருக்கு ஆக்கிப்போட்ட கை. வீட்டில் மட்டும் கரண்டியைத் தொடமாட்டாள். "ஊருக்கே ஆக்கிப் போடுறவளுக்கு நானாவது ஆக்கிப் போட வேணாமா?" என்று அண்ணன்தான் சமைப்பார். அவர் இறந்த வருடமே அவள் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாள். அதன்பிறகு நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் நான் இருக்கிறேன். லிஃப்ட் எப்போதும்போல் மக்கர். முட்டி வலியோடு ஒருநாள் ஏறிப்போனேன். அடுப்பில் தூசி படிந்திருந்தது. சமையலறையில் புழக்கத்தில் இருந்தது ஒரு கெட்டிலும் பிஸ்கட் டப்பாவும்தான். அண்ணி எலும்பும் தோலுமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"காலையில கண்ணு முழிச்சா, எதுக்கு முழிச்சோம்னு இருக்கு," என்றாள்.

இவளும் போய்விடுவாளோ என்று பயந்து டாக்டரிடம் இழுத்துப்போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். அது மட்டும் போதாது, தினமும் நடக்க வேண்டும், காய், பயறு, பழம் சாப்பிட வேண்டும், முடிந்தவரை தனியாகச் சாப்பிடக் கூடாது என்றார். அண்ணி மாத்திரையை விழுங்கினாள். மற்ற எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்தாள்.

வாரத்துக்கு வேண்டிய காயும் பயறும் வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். "ஒரு கைப்பிடி பயறு வேகவச்சா கையா தேஞ்சிடும், அண்ணி?"

அவள் எழுந்தாள். அடுப்பைத் துடைத்தாள். வெட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மொத்தப் பையும் பானைக்குள் போய்விட்டது. விளிம்புவரை கொதிக்கிற சூப்பைப் பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஆளுக்கு எப்படி ஆக்குறதுன்னு எனக்குத் தெரியல. கை வரமாட்டேங்குது. ஆக்கி ஆக்கிக் குப்பையில கொட்டினேன். அப்புறம் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அண்ணன் செத்தபோதுகூட அழாதவள்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "அதுக்கென்ன இப்ப? இந்தக் கட்டடம் பூரா கிழடுகட்டைங்கதான். ரொட்டியத் தண்ணியில முக்கித் தின்னுட்டுக் கெடக்குதுங்க. எடுங்க பானையை," என்றேன்.

அன்று வீடு வீடாகப் போய்ச் சூப்பை ஊற்றிவிட்டு வந்தோம். மறுநாளே அவள் சந்தைக்கு நடந்துபோனாள். பையோடு நான்கு மாடி ஏறும்போது படிக்குப் படி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆனாலும் ஏறினாள். மதியம் பானை என் வீட்டு மேசைக்கு வந்தது. கணக்கு வாத்தியார், முடிதிருத்துகிறவர், காது மந்தமான தையல்காரம்மா என்று ஒவ்வொருவராகத் தட்டோடு வந்தார்கள். உப்பு போதவில்லை என்று வாத்தியார் முகத்தைச் சுளித்தார்.

"உங்க பிரஷர் எறங்கட்டும், உப்ப ஏத்துறேன்," என்றாள் அண்ணி.

அவள் வாயடித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அந்த வாயோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியதற்காக எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்கு மெல்லத் தூக்கம் வந்தது, கன்னத்தில் சதை பிடித்தது. லிஃப்டைச் சரிசெய்த பிறகும் அவள் அதில் ஏறவில்லை. "படி ஏறினாத்தான் ராத்திரி கண்ணு சொருகுது," என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மதியம் அவள் வரவில்லை. தட்டுகளோடு எல்லோரும் என் வீட்டில் காத்திருந்தார்கள். லிஃப்டுக்காக நிற்கக்கூடப் பொறுமையில்லாமல், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான்கு மாடியும் ஏறினேன். பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னிக்கு முடியலடி. மனசு கல்லா கெடக்கு," என்றாள்.

திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வெகுநேரம் கழித்து, திரும்பாமலேயே பேசினாள்.

"பயறு ஊறுது. தண்ணிய மட்டும் மாத்தி வச்சிட்டுப் போ. நாளைக்கு ஆக்கிக்கிறேன்."

நாளைக்கு என்று அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. சமையலறைக்குப் போய்த் தண்ணீரை மாற்றினேன். அவளுக்குக் கேட்காமல் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் மதியம் யாரோ என் கதவைக் காலால் உதைத்தார்கள். திறந்தேன். தலை வாரவில்லை, முகம் வீங்கியிருந்தது, இரண்டு கையிலும் பானை.

"வழிய விடுடி, சுடுது. எல்லாருக்கும் நேத்துப் பசியும் சேர்ந்திருக்கும்," என்றாள்.