திரும்பி வந்த கூடை

எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவு ஓதுகிற மந்திரம் ஒன்றுதான்: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.டி. படிக்கிற நாங்கள் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் லிங்க்ட்இன்னில் மெசேஜ் அனுப்ப வேண்டும். யாராவது தன் கம்பெனியில் நம் பெயரைப் பரிந்துரைத்தால் இண்டர்வியூ கிடைக்கும். கடைசி வருஷம் முழுக்க அனுப்பினேன். ஒருமுறை தவறிப்போய் ஒரு பல் டாக்டருக்குக்கூட அனுப்பிவிட்டேன். மரியாதையாகப் பதில் போட்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு குரு அண்ணா பதில் போட்டார். எங்கள் கல்லூரி சீனியர், அதியமான்கோட்டைக்காரர், பெங்களூரில் வேலை. என் புராஜெக்டைத் திறந்து பார்த்து, தப்புகளைச் சொல்லித் திருத்தச் சொன்னார். திருத்தி அனுப்பினேன். "நல்லா இருக்கு அனம். திங்கக்கிழமைதான் கடைசி நாள். அன்னிக்கு உன் பேரப் போட்டுடறேன்" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷம் பாதி, அலுப்பு பாதி.

அதை வீட்டில் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

அப்பா முகம்மது கவுஸ் தருமபுரியில் மாம்பழ வியாபாரி. தோப்பைக் குத்தகைக்குப் பிடிப்பதிலிருந்து லோடு ஏற்றுவது வரை அவருக்கு எல்லாமே ஆளை நேரில் பார்த்துப் பேசித்தான் நடக்கும்.

"மூஞ்சியக்கூடப் பாக்காம வேல கேக்கறியா? அந்தப் பையன் நம்மள என்னான்னு நெனப்பான்?"

"இது அப்பிடி இல்லப்பா. எல்லாம் போன்லயே முடிஞ்சிரும்."

"செரி செரி."

அப்பா இரண்டு முறை செரி சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை மல்கோவாவை வண்டியில் கட்டிக்கொண்டு குரு அண்ணா வீட்டுக்கே போயிருக்கிறார். அவருடைய அம்மா செல்லம்மாளிடம் கொடுத்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மா உடனே மகனுக்குப் போன் போட்டு, பாய் மகளுக்கு எப்படியாவது வேலை வாங்கிக் கொடு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாள் காலை குரு அண்ணா கூப்பிட்டார். அவர் குரலும் அலுத்துத்தான் இருந்தது.

"பேரு போடறப்ப கம்பெனி ஒரு கேள்வி கேக்கும்மா. இவங்க வூட்ல இருந்து எதாச்சும் வாங்குனீங்களான்னு."

"மாம்பழம்தானேண்ணா."

"எதுவா இருந்தாலும் வாங்குனது வாங்குனதுதான். எங்க டீம்ல ஒருத்தன் இதுல மாட்டி வேலையே போச்சு. என்னால பொய் சொல்ல முடியாது."

"திருப்பி எடுத்துட்டு வந்துட்டா?"

"அப்படியே திரும்பிப் போயிட்டா, வாங்கலன்னு தைரியமா போடுவேன். சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்கு."

அப்பாவிடம் சொன்னேன். கத்துவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் தராசுத் தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். "குடுத்தத எப்பிடிம்மா திருப்பிக் கேக்கறது?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு வண்டியை எடுத்தார். அவர் போவதைப் பார்த்தபோது என் கோபமெல்லாம் பாவமாக மாறிவிட்டது. அதற்குக் கோபமே தேவலை.

மதியம் சிரித்த முகமாகத் திரும்பினார்.

"தங்கமான அம்மா. ஒரு வார்த்த கோவிக்கல. பாதிப் பழத்த அக்கம்பக்கத்துல குடுத்துட்டாங்களாம். மிச்சத்த அப்படியே எடுத்து வெச்சிட்டாங்க."

கூடையை இறக்கினார். பாதி மல்கோவா. அதற்கு மேல் ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு பை வேர்க்கடலை, தூக்குப்போசி நிறையக் கேழ்வரகு மாவு.

"இதெல்லாம் என்னப்பா?"

"கூடைய அரைகொறையா அனுப்பக் கூடாதுன்னு அந்தம்மா நெறச்சு வுட்டாங்க. வேணாம்னா சங்கடப்படுவாங்க இல்ல?"

குரு அண்ணாவிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்.

"இப்ப ரெண்டு வூடும் குடுத்து வாங்கிக்கிச்சு. இனி நான் உன் பேரப் போட முடியாதும்மா. பொதுவுல அப்ளை பண்ணு. உன் புராஜெக்ட் நல்லா இருக்கு. ஆனா அத அங்க நான் சொல்லக் கூடாது."

"பரவால்லண்ணா."

எங்கே பரவாயில்லை? லேப்டாப்பைத் திறந்து பொதுவில் விண்ணப்பித்தேன். உங்களைப் பரிந்துரைப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த ஒரு பெயருக்காகத்தான் வருஷம் முழுக்க ஊரில் இருப்பவர்களையெல்லாம் கெஞ்சினேன். காலியாக விட்டு அனுப்பினேன்.

அப்பா வாசலில் வந்து நின்றார். "ஆச்சா?"

"அனுப்பிட்டேன்ப்பா."

அவர் முகம் தெளிந்தது. கையில் செல்லம்மாளின் தூக்குப்போசி. கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

"இத அந்தம்மாகிட்ட திருப்பிக் குடுக்கணும் அனம். வெறும் போசியா குடுத்தா நல்லா இருக்காது. நாலு பழம் போட்டுக் குடுக்கலாமா? ஒண்ணும் தப்பாயிடாதே?"

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன். "இனிமே எவ்வளவு வேணும்னாலும் குடுங்க."