மெல்ரோய் பார்த்த மச்சுபிச்சு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, அழைத்துக் கொடுத்தார்கள். கொழும்பு, கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில், ஒரு ஞாயிறு மாலை, என் நண்பன் மெல்ரோய் தன் பெரு நாட்டுப் பயணத்தைத் திரையில் படம் போட்டுக் காட்டினான். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போனதற்கு நட்பு பாதிக் காரணம். மீதிப் பாதி, அங்கே தேத்தண்ணியோடு சுடச்சுடப் பொரித்துத் தரும் பற்றிஸ்.

தென் அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. போகாத இடங்களைப் பற்றித்தான் எனக்குத் தடையில்லாமல் எழுத வரும்.

2

முதல் தொடக்கம்: 'மூடுபனி மெல்ல விலக, இன்காக்களின் கல் நகரம்...'

(வேண்டாம். மச்சுபிச்சுவை எழுதுகிற எல்லோரும் முதல் வேலையாக மூடுபனியை விலக்குகிறார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும்.)

இரண்டாவது: 'மெல்ரோய்க்குச் சிறு வயதிலிருந்தே இன்காக்கள் மீது தீராத...'

தீராத என்ன? தாகமா? அவனுக்கு இருந்தது தீராத பேச்சு. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனியொன்றில் அவன் மனேஜர். கலியாண வீடோ செத்த வீடோ, சுண்ணாம்பில்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திய இன்காக்களைப் பற்றி விளக்காமல் எழும்ப மாட்டான். அவன் மனைவி றொசானா பக்கத்தில் இருந்து தலையாட்டுவாள். திருமண வெள்ளி விழாவுக்கு இருவரும் பெருவுக்கே போனார்கள்.

3

குஸ்கோ, இன்காக்களின் பழைய தலைநகர். மலைமேல், காற்று மெலிந்த ஊர். கடல் மட்டத்தில் பிறந்து, கடல் மட்டத்தில் வேலை பார்த்து, கடல் மட்டத்திலேயே தொந்தி வைத்த மெல்ரோய் அங்கே இறங்கிய அன்றே தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ஹோட்டல்காரர்கள் ஒட்சிசன் வைத்தார்கள். டொக்டர் படுக்கச் சொன்னார்.

"நானும் நிக்கிறன்" என்றாள் றொசானா.

"வேணாம், நீ போ. உனக்கு ஒண்டும் விளங்காது. படத்தையாவது எடுத்துக்கொண்டு வா."

மச்சுபிச்சு குஸ்கோவைவிட உயரம் குறைந்த, பதிவான இடம். அங்கே இறங்கியிருந்தால் அவனுக்குச் சுகமாகியிருக்கும். இன்காக்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்கு அது தெரியாது. (எனக்கும் தெரியாது. இந்தப் பகுதியையும் அடுத்ததையும் பிறகு போனில் சொன்னது றொசானா.)

4

வெள்ளவத்தைக்குச் சேலை எடுக்கக்கூட அவள் தனியே வந்ததில்லை. அவனும் வந்து நிறத்தைத் தெரிவு செய்வான். அப்படிப்பட்டவள் தனியே ரயில் ஏறினாள், பிறகு மலைப்பாதையில் பஸ் ஏறினாள். மேலே போனதும் வழிகாட்டியின் கூட்டத்தை விட்டு நழுவி, படிப்படியாய் இறங்கும் புல்வெளியில் ஒரு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் நான் அவள் கண்ணில் நீர் வரவழைத்திருந்தேன். போனில் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"அழேல்ல அண்ணா" என்றாள். "சும்மா இருந்தனான். எத்தினையோ வருஷத்துக்குப் பிறகு ஒருத்தரும் எனக்கு ஒண்டையும் விளங்கப்படுத்தேல்ல. பசிச்சுது, ஆனா எழும்ப மனம் வரேல்ல."

கண்ணீரை வெட்டிவிட்டேன். நல்ல வாக்கியம் அது. போகட்டும்.

5

மண்டபம். மெல்ரோய் லப்டொப்பைத் தட்டத் தட்ட, கற்கள் வந்தன. முன்வரிசையில் றொசானா. பாடகர் குழுவை நடத்தும் யூஜினா அக்காதான் கேட்டார்:

"மெல்ரோய், ஒரு படத்திலயும் உங்களைக் காணேல்லையே?"

"நான்தானே அக்கா எடுத்தனான்."

"றொசானாவையும் காணேல்ல?"

"அவளுக்கு மலை ஒத்துக்கொள்ளேல்ல. பாவம், ஹோட்டல்ல படுத்திருந்தவள்."

எல்லோரும் றொசானாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அடுத்ததைத் தட்டினான். வந்தது வீடியோ. ஒட்டகச் சாயலில் ஒரு லாமா யாருடைய பையின் வாரையோ சப்பிக்கொண்டிருந்தது. படம் சிரிப்பில் குலுங்கியது. "விடு, விடடி" என்றது றொசானாவின் குரல். பிறகு, லாமாவுக்குத் தமிழ் தெரியாது என்ற நம்பிக்கையில், ஆறுதலாக:

"நல்ல காலம், மெல்ரோய் வரேல்ல."

6

முடிவுகள்.

அ) றொசானா எழுந்து நின்று பேசுகிறாள். (என் கதைகளில் பெண்கள் எழுந்தால் ஒரு பக்கம் பேசாமல் உட்காருவதில்லை. இவளுக்கு அந்தத் தண்டனை வேண்டாம்.)

ஆ) மெல்ரோய் மன்னிப்புக் கேட்கிறான். (நம்பும்படி எழுதவேண்டும் என்று ஒன்று இருக்கிறதே.)

இ) நடந்தது. மெல்ரோய் அவசரமாக அடுத்ததைத் தட்டினான். ஒரு சுவர் வந்தது. "இது... கல்லு" என்றான். அவன் இன்காக்களைப் பற்றிச் சொன்னதிலேயே மிகச் சுருக்கமானது அதுதான். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஆறப்போகுது என்றார் பாதர். நாற்காலிகள் ஒரே நேரத்தில் இழுபட்டன.

7

போனில் றொசானாவிடம் கேட்டேன்: "அந்த வீடியோ அதுக்குள்ள இருந்தது உங்களுக்குத் தெரியாதுதானே?"

"படங்களைத் தெரிஞ்செடுத்து அதில போட்டது நான்தானே அண்ணா."

"அவர் என்ன சொல்லப்போறார் எண்டு முதலே தெரியுமோ?"

"வீட்டில சொல்லிப் பாத்தவர். கண்ணாடிக்கு முன்னால."

"பிறகு? வீட்டுக்குப் போய் என்ன நடந்தது?"

"அது கதைக்கு வேணாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

எனவே நான் பார்த்ததோடு நிறுத்துகிறேன். அன்று மண்டப வாசலில் இருவரும் ஒரே முச்சக்கர வண்டியில்தான் ஏறினார்கள். அவன் ஒரு கரையில், அவள் மறு கரையில். வண்டி திரும்பும்போது ஒருவர் மற்றவர் பக்கம் சரிந்து ஏதோ சொன்னது தெரிந்தது. யார், என்ன என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கலியாணம் கட்டியவராக இருந்தால், உங்களுக்கே தெரியும்.