மதியழகன் வைத்த கதவு

செத்தவனைப் பார்த்து யாராவது "போய்ட்டு வாங்க" என்று சொல்வார்களா? சோபனா சொன்னாள். வேண்டுமென்றா சொன்னாள்? தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் புருஷனிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. அதைக் கேட்காமல் மதியழகன் கிளம்பவே மாட்டான். பைக்கை உறுமவிட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பான். ஆம்பூர் வாடகை வீட்டிலிருந்து பாடையைத் தூக்கியபோது, பழக்க தோஷம், வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

மாமியார் விஜயகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, போறவன வான்னு சொல்லிட்டியேடீ. இனிமே எப்படிப் போவான் அவன்?"

சாவுக்கு வந்தவர்களே வர்றேன் என்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிற ஊர் இது. பிணத்தையே வரச்சொன்னவளைச் சும்மா விடுவார்களா? காரியம் முடிகிறவரை தெரு முழுக்க அதே பேச்சு.

மதியழகனுக்குத் தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் வேலை. சோபனா ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவள். வேலை விட்டு வந்தால் இருவருக்கும் ஒரே பைத்தியம்தான்: கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு. சத்துவாச்சாரியில் மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். அங்கே கட்டப்போகிற வீட்டை முதலில் விளையாட்டில் கட்டிப் பார்த்தார்கள். சமையலறையும் ஜன்னலும் அவள் சொன்ன இடத்தில். கதவு மட்டும் அவன் பொறுப்பு.

விளையாட்டோடு வருகிற கதவு அவனுக்குப் பிடிக்கவில்லை. டப்பென்று திறந்து டப்பென்று மூடும். "இன்னா கதவு இது, பிஸ்கட் டப்பா மூடியாட்டம்" என்று திட்டிவிட்டு எங்கேயோ தேடி ஒரு மாட் இறக்கினான். விளையாட்டில் இல்லாததை வெளியாள் எவனாவது எழுதிச் சேர்த்தால் அதற்கு மாட் என்று பேர். இந்த மாட் போட்டால் கதவு நிஜக் கதவு போல மெல்ல அசைந்து திறக்கும். நிறம், வேகம், சத்தம், எந்தப் பக்கம் திறக்கணும், யாருக்குத் திறக்கணும், எல்லாம் நம் இஷ்டம். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பழுப்புத் தோல் துண்டைப் போட்டோ எடுத்துக் கதவுமேல் ஒட்டினான். வாடகை வீட்டுத் தாழ்ப்பாள் கிறீச்சிடுவதைப் போனில் பிடித்து அதையே சத்தமாக வைத்தான். சோபனா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"சிரிக்காத. ஓனர் நானு. நான் கிட்ட வந்தா தானா திறக்கும். திறக்கிற ஆளுக்கு எதிர்ப்பக்கமா போகும், நம்ம வீட்டு கதவு மாதிரி மூஞ்சில வந்து இடிக்காது. அந்தப் பக்கம் யார்னா குறுக்க நின்னாங்கன்னா பாதியில நின்னு மூடிக்கும்."

"அது எதுக்கு?"

"உன்மேல இடிச்சா திட்டு யாருக்கு?"

அந்தக் கதவு வைத்த புதுசிலேயே, ஹைவேயில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் சோபனா கம்ப்யூட்டரைத் திறந்தாள். விளையாட்டில் அவளுக்குப் பதிலாக நடமாடுகிற பொம்மை வெளியே வாசற்படியில் நின்றது. விளக்கு வைக்கிற நேரம், அவன் வீடு திரும்புகிற நேரம். கிறீச். கதவு தானாக அசைந்தது. பாதி திறந்தது, நின்றது, மெல்ல மூடிக்கொண்டது.

சோபனா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஆனால் பயம் ஒரு நிமிஷம்தான். பிறகு வந்தது சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம். ஊரே வாயில் போட்டு மென்றதே, கடைசியில் அவள் கூப்பிட்டதற்கு அவன் வந்துவிட்டானே!

அன்றிலிருந்து வேலை விட்டதும் ஓட்டமாக வருவாள். முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, பொம்மையைக் கதவுக்கு முன்னால் படியில் நிறுத்துவாள். கிறீச். பாதி திறக்கும், மூடும். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கும், சில நாள் அதுவும் இறங்காது.

கூட வேலை செய்கிற கௌதம் கம்ப்யூட்டரில் கில்லாடி. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எல்லாவற்றையும் குடைந்து பார்த்தான்.

"நெட்டே இல்லக்கா, வெளியாள் யாரும் உள்ள வர முடியாது. மாட்லயும் கோளாறு இல்ல. ஓனர் கிட்ட வந்தாத்தான் திறக்கும். ஓனர்னு அண்ணன் பேருதான் இருக்குது."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் வர்றேங்க்கா என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமலே போய்விட்டான்.

மருமகள் துரும்பாய் இளைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஆலங்காயத்திலிருந்து விஜயகுமாரி வந்தாள். கோபமெல்லாம் வடிந்திருந்தது. பெற்ற வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"என் புள்ள அலையிறான்டீ. கனவுல வர்றான், பேச மாட்டேங்கிறான். சும்மா நின்னுக்கினே கீறான். அவன விட்ரு."

"நான் புடிச்சி வெச்சிக்கல அத்தே. அவராதான் வர்றாரு. வேணும்னா பாருங்க."

மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கம்போல் பொம்மையைப் படியில் நிறுத்தினாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. கிறீச். பாதி திறந்து மூடியது.

விஜயகுமாரிக்கு மாட் தெரியாது, மவுஸ் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னாடீ, கதவு உன் மூஞ்சில இடிக்கிற மாதிரி இந்தப் பக்கமா வருது?"

சோபனா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

திறக்கிற ஆளுக்கு எதிர்ப்பக்கமா போகும். அவன்தானே சொன்னான். வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கதவு வீட்டுக்குள் போகிற மாதிரி திறக்க வேண்டும். இது படியை நோக்கி, அவளை நோக்கித் திறக்கிறது. அப்படியென்றால் அவன் உள்ளே நிற்கிறான். அவன் வரவே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் போகப் பார்த்திருக்கிறான். அவள் குறுக்கே நின்றிருக்கிறாள். அவள்மேல் இடித்துவிடக் கூடாதென்று அவன் வைத்த கதவு, ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று அவனையே உள்ளே வைத்து மூடியிருக்கிறது.

"அத்தே, நான்தான்... நான்தான் வழிய மறிச்சிக்கினு நின்னுருக்கேன்" என்று அழுதாள். விஜயகுமாரி நெருங்கி உட்கார்ந்தாள். அவள் முதுகில் கை வைத்தாள்.

மறுபடி கிறீச். பழுப்புத் தோல் கதவு அசைந்தது. சோபனா பொம்மையைப் படியிலிருந்து நகர்த்தி ஓரமாக நிறுத்தினாள். அந்த ஒரு விசையை அழுத்த அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அவள் வைத்த ஜன்னல் மட்டும் தெரிந்தது.

கதவு மூடவில்லை. திறந்தபடியே நின்றது. எதற்கு நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லாமல் அவன் என்றைக்குக் கிளம்பியிருக்கிறான்?

நாக்கு பழையபடி எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்கினாள்.

"போங்க" என்றாள்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.