சீட்டுக்கு அடியில் ஒரு பட்டன்

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளைகள் இரண்டு பேர். பெரிய மாப்பிள்ளை இன்சூரன்ஸ் கம்பெனியில் திருட்டு விசாரணைப் பிரிவில் இருந்தார். மோட்டார் சைக்கிள் திருடு போய்விட்டது என்று யார் விண்ணப்பித்தாலும், நிஜமாகவே திருடு போனதா, பூட்டியிருந்தார்களா, அலாரம் வேலை செய்ததா என்று நோண்டிப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. சின்ன மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பெரியவரிடம் பதினொரு வயதான ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. சின்னவன் போன மாதம் சிவப்பு நிறத்தில் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். கதையில் பாதி இத்துடன் முடிந்துவிட்டது. மீதிப் பாதி வயிற்றெரிச்சல்.

அந்த வண்டிக்கு அலாரம் மாட்டச் சொன்னதே பெரியவர்தான். கம்பெனி அங்கீகரித்த அலாரமும் டிராக்கரும் இருந்தால் திருட்டு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. எந்தக் கருவி நல்லது, யார் ஒழுங்காக மாட்டுவார்கள் என்று சின்னவன் மரியாதையாகத்தான் கேட்டான். இவரும் கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார். அந்த அலாரம் தன் நிம்மதியைக் கெடுக்கப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. சின்னவன் வாசலில் வண்டியை நிறுத்தி, ரிமோட்டை அழுத்தி, "தொட்டுப் பாருங்க மாமா" என்றான். மாமனார் ஹேண்டிலில் ஒரு விரலை வைத்தார். தெருவே அதிரும்படி வண்டி ஊளையிட்டது. எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். மாமனார் சின்னப் பிள்ளை போல இன்னொரு முறை தொட்டார். பதினொரு வருஷமாக அந்த வாசலில் பெரியவரின் ஸ்கூட்டர் நிற்கிறது. இதுவரை அதை யாரும் தொட்டதில்லை, வழியில் நிற்கிறது என்று தள்ளி வைப்பதற்கு மட்டும் தொடுவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஐஸ்கிரீம் வாங்க ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அவருடைய மனைவி, "நான் போயிட்டு வரேன், இந்த வண்டியில ஒரு ரவுண்டு போகணும்" என்று தங்கை புருஷனின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். முடி பாதி அவிழ்ந்திருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். இவருடைய ஸ்கூட்டரில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவள் சிரித்து அவர் கேட்டிருக்கிறார். இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. பொறாமை அவருக்கு நெஞ்சில் வரவில்லை, காதில் வந்தது. இரண்டு காதும் சூடேறின.

எல்லோரும் உள்ளே போனார்கள். ஐஸ்கிரீம் அவசரத்தில் சின்னவன் ரிமோட்டை அழுத்த மறந்திருந்தான். அவர் வாசலிலேயே நின்றார்.

அலாரம் மாட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை சர்வீசுக்கு விடும்போது அலாரத்தை ஊமையாக்க, ஒரு சின்னப் பட்டனை மறைவாக வைப்பார்கள். மறைவு என்பது பேச்சுக்குத்தான். ஒயரை நீளமாக இழுக்கச் சோம்பேறித்தனப்பட்டு, எல்லோரும் ஒரே இடத்தில்தான் வைப்பார்கள்: சீட்டுக்கு அடியில், இடது கீலுக்குப் பின்னால். இருநூறு வண்டிகளைக் குடைந்து பார்த்தவருக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். குனிந்தார். கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தினார். அவ்வளவுதான். இனிமேல் ரிமோட்டை அழுத்தினால் வழக்கம்போல 'கீச்' என்னும், விளக்கும் மின்னும். தொட்டால் மட்டும் கத்தாது, டிராக்கரும் தூங்கும்.

அவர் திட்டம் பெரிய திட்டம் ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்ததும் சின்னவன் எதிர் வீட்டுக்காரருக்கு அலாரத்தைக் காட்டப் போவான், அது கத்தாது, அவன் அசடு வழிவான். அதைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் பட்டனை மறுபடி அழுத்திவிடலாம். ஆனால் எதிர் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். சாப்பாடு கனமாக இருந்தது. தூக்கம் சொக்கியது. எழுந்தபோது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள், ஸ்கூட்டர் உதைத்து உதைத்தும் கிளம்பவில்லை, அந்த எரிச்சலில் பட்டன் மறந்தே போயிற்று.

திங்கட்கிழமை ஆபீசில் ஞாபகம் வந்தது. போனைக் கையில் எடுத்தார். என்னவென்று சொல்வது? 'உன் வண்டியை ஊமையாக்கிவிட்டேன், பேச வைத்துக்கொள்' என்றா? போனைக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை மதியம், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த சிவப்பு வண்டியை யாரோ சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் ஃபைல் அவர் மேஜைக்கே வந்தது. உறவினர் ஃபைலை விசாரிக்கக் கூடாது என்று கம்பெனியில் விதி உண்டு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி என்று பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலை எழுதிய புண்ணியவான் சகலையை மறந்துவிட்டான். பெரியவர் 'உறவினர் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். அந்த நேரத்தில் அவர் மனதில் பயம் இருந்தது உண்மை. பயத்துக்கு மேலே, பாலில் ஆடை மாதிரி, ஒரு சந்தோஷமும் படர்ந்திருந்தது. சிவப்பு வண்டி போய்விட்டது. சின்னவன் பஸ்ஸில் போகிறான். மாமனார் தொட்டுப் பார்க்க வாசலில் ஒன்றுமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பசித்தது.

அலாரம் கம்பெனியிலிருந்து பதிவு வந்தது. ஒற்றைத் தாள். 'ஞாயிறு, மதியம் 1.52. சர்வீஸ் நிலை இயக்கப்பட்டது. முறை: பட்டன்.' பக்கத்தில் மாமனார் தெருவின் பெயர். கருவி ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். எத்தனை பேரை எதிரே உட்கார வைத்து இந்த மாதிரித் தாளை மூக்குக்கு நேரே நீட்டியிருப்பார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

சின்னவன் வாக்குமூலம் கொடுக்க வந்தான். சவரம் செய்யாத முகம். சட்டை கசங்கியிருந்தது. எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இந்தக் காட்சியைப் பெரியவர் மனதுக்குள் பத்து தடவை ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறார். நேரில் பார்த்தபோது ருசிக்கவில்லை.

"ஃபைல் உங்க கைக்கு வந்திருக்குன்னு கேட்டப்புறம்தான் அண்ணே எனக்குத் தூக்கமே வந்துச்சு" என்றான் சின்னவன்.

பெரியவர் தாளைப் பார்த்துக்கொண்டே, பட்டன் இருக்கும் இடம் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. ஃபாரத்தில் ஏழாவது கேள்வி.

"எனக்கும் அவளுக்கும்தான். மாட்டினவர் ரெண்டு பேருக்கும் காட்டினாரு. பட்டன அழுத்தித்தான் நிறுத்தியிருக்குன்னு அலாரம் கம்பெனியில அன்னிக்கே சொல்லிட்டாங்க. நான் தொடல. அப்போ அவதான். அந்தச் சத்தமே அவளுக்குப் பிடிக்காது. கேட்டா, இல்லவே இல்லைன்னு சாதிக்கிறா. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய் அஞ்சு நாளாச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்."

பெரியவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுத்து கோணியது. வண்டியின் உரிமையாளரோ அவர் வீட்டில் இருப்பவரோ கருவியை நிறுத்தியிருந்தால் இழப்பீடு கிடையாது. பாலிசியில் ஒன்பதாவது நிபந்தனை. இந்த ஒரு வரியை வைத்து அவர் நாற்பது விண்ணப்பங்களை நிராகரித்திருக்கிறார். நாற்பத்தொன்றாவதுக்கு எல்லாம் தயாராக இருந்தது. சின்னவன் சொன்னதையே முடிவாக எழுதினால் போதும். யாரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள். சின்னவனுக்கு வண்டியும் இல்லை, பணமும் இல்லை. மச்சினிக்கு மட்டும் ஆயுசுக்கும் ஒரு பழி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி அம்மா வீட்டுல அழுதுகிட்டு இருக்கா" என்றாள்.

விதி என்று ஒன்று இருக்கிறது, ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்று ஆரம்பித்தார். அவள் ஒரு துண்டை உதறி நான்காக மடித்தாள்.

"அன்னிக்கு நான் சமையலறை ஜன்னல்ல நின்னேன். நீங்க வண்டிகிட்ட குனிஞ்சு கைய விட்டுக்கிட்டு இருந்தீங்க. துடைக்கிறீங்கன்னு நெனச்சேன். இவருக்கு இவ்வளவு நல்ல மனசான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டது. கட்டிலில் அவரும் உட்கார்ந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்றானதும், எதைச் சொல்ல வெட்கப்பட்டாரோ அதுதான் முதலில் வாயில் வந்தது.

"நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள்.

"காத்துல முடியெல்லாம் வாய்க்குள்ள போயிடுச்சு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. அதுக்குச் சிரிச்சேன். உங்க ஸ்கூட்டர் போற வேகத்துக்கு முடி எங்க பறக்கும்? இதுக்கா என் தங்கச்சி அழுவுறா?"

அவள் கீழே போட்ட துணியை அவர் எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் பாலிசியை மறுபடி எடுத்துப் படித்தார். ஒன்பதாவது நிபந்தனைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு விலக்கு இருந்தது. உரிமையாளருக்குத் தெரியாமல், அவர் வீட்டைச் சேராத வெளி ஆள் கருவியை நிறுத்தியிருந்தால் இழப்பீடு உண்டு. வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆகாததால், அதே மாடலில் புது வண்டி. பெரியவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். உண்மையை எழுதினால் தன் வேலைக்கு ஆபத்து, அது தெரிந்ததுதான். அதோடு சகலைக்குத் தன் கையாலேயே புது மோட்டார் சைக்கிள் எழுதிக் கொடுக்க வேண்டும். பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்தக் கோர்ட்டும் யோசித்திருக்காது.

'கருவியை நிறுத்தியவர்' என்ற இடத்தில், 'இந்த அறிக்கையை எழுதுபவர்' என்று எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'பொறாமை' என்று எழுதினார். 'உறவினர் இல்லை' என்ற கட்டத்தில் போட்டிருந்த டிக்கைக் குறுக்கே கோடிட்டு நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார். முப்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் இந்த வார்த்தையைப் பார்த்ததில்லை என்றார். ஃபைல் வேறு விசாரணையாளருக்குப் போயிற்று. வேலை போகவில்லை. விசாரணைப் பிரிவு போயிற்று. கீழ்த்தளத்தில், வருகிற தபால்களுக்கு முத்திரை குத்தும் மேஜையில் அவரை உட்கார வைத்தார்கள்.

சின்னவன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். பெரியவர் போய்க் கேட்டார். மச்சினி, சரி அத்தான் என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி மாமனார் வீட்டில் சாப்பாடு. வாசலில் புது வண்டி நின்றது. அதே மாடல், அதே சிவப்பு, விளக்கு மட்டும் இன்னும் அழகாக மாறியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் சாப்பாட்டைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினார்கள்.

பாதிச் சாப்பாட்டில் வண்டி ஊளையிட்டது.

ஒருவர்கூட வாசலைப் பார்க்கவில்லை. மாமனார், மாமியார், மச்சினி, மூன்று பேரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் வாயில் சோற்றோடு, இரண்டு கையும் தெரியும்படி உட்கார்ந்திருந்தார். சின்னவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ரிமோட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.

"காக்காவா இருக்கும். நீங்களே போய் நிறுத்திட்டு வாங்க அண்ணே."

அவர் கையைக் கழுவிக்கொண்டு போனார். காக்காதான். சீட்டில் அடையாளம் வைத்துவிட்டுப் பறந்தது. ரிமோட்டை அழுத்தினார், சத்தம் நின்றது. வெயிலில் சிவப்பு பளபளவென்று மின்னியது. அவர் வயிறு மறுபடி எரிந்தது. அறிக்கை எழுதினால் அணைந்துவிடும் என்று நினைத்திருந்தார். எதுவும் செய்யும் உத்தேசம் அவருக்கு இல்லை, சத்தியமாக இல்லை. ஆனாலும் கை பழக்கத்தில் சீட்டுக்கு அடியில் போயிற்று. இடது கீலுக்குப் பின்னால் தடவினார். அங்கே பட்டன் இல்லை. வெறும் இரும்பு. இடத்தை மாற்றியிருந்தான். இந்த வீட்டில் அது எங்கே என்று தெரியாதவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

நிமிர்ந்தார். சமையலறை ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள்.

அவர் கையை உருவிக்கொண்டார். அவள் உள்ளே திரும்பி, ஒரு பழைய துணியை எடுத்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போட்டாள்.

"குனிஞ்சதுதான் குனிஞ்சீங்க, துடைச்சுட்டு வாங்க."

அவர் துணியைப் பொறுக்கிக்கொண்டு போய், சீட்டிலிருந்து ஆரம்பித்தார்.