குரல் மட்டும் போதும்

அந்த ரெக்கார்ட் கம்பெனியின் முத்திரை குத்திய பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ரேடியோவில் எது ஓட வேண்டும், யார் முகம் போஸ்டரில் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்கிற இடம் அது. அங்கிருந்து அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் அழைப்பு வந்தது. தம்பி மெட்டுப் போடுவான், அக்கா பாடுவாள். நண்பர்கள் அவர்களை ‘ரெட்டைமாடு’ என்பார்கள். ஒன்றை அவிழ்த்தால் மற்றது நகராதாம்.

கம்பெனி அலுவலகத்தில், புதுப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பாட்டைக் கேட்டார். பிறகு தம்பியை ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்த்துவர அனுப்பிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

“உங்க குரல் மட்டும் எங்களுக்குப் போதும்மா. மெட்டுப் போட எங்ககிட்டயே ஆள் இருக்காங்க. தம்பிக்கு நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க.”

“அவன் போட்ட பாட்டைக் கேட்டுத்தானே சார் கூப்பிட்டீங்க?”

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜனங்க மனசுல நிக்கறது ஒரு முகம்தான். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க.”

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். “யோசிச்சுச் சொல்றேன்” என்று வந்து விழுந்தது.

பஸ்ஸில் தம்பி ஓயாமல் பேசினான். “அந்த மைக்கைப் பாத்தியாக்கா? நம்ம குடும்பத்தையே அடகு வச்சாலும் வாங்க முடியாது.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் ‘ம்’ கொட்டினாள். கையிலிருந்த போனில் மணி பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அம்மா அதற்குள் தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள். வாசலிலேயே மறித்து, “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” என்றாள்.

“தலைவலிம்மா.”

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள். முதலில் நாம் உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் அவனையும் இழுத்துக்கொள்ளலாமே என்று ஒரு மனம் சொன்னது. உள்ளே போனபின் யார் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்றது இன்னொன்று. வெயில் இறங்கும் நேரத்தில் மேலாளரே கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. நேராகத் தம்பியின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவன் கீபோர்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

“தெரியும்க்கா.”

“எப்படிடா?”

“போன வாரம் எனக்கு போன் வந்துச்சு. மெட்டை மட்டும் குடு, பாட வேற பொண்ணு இருக்குன்னாங்க. வந்தா ரெண்டு பேரும்தான் வருவோம்னு சொல்லிட்டேன். இன்னிக்கு என்னை மட்டும் வெளிய அனுப்பினப்பவே புரிஞ்சுடுச்சு.”

“அப்புறம் ஏன்டா பஸ்ல அப்படிச் சிரிச்சே?”

“வேற என்ன பண்றது? பேச்சை நிறுத்தினா, தனியாப் போறேன்னு நீ சொல்லிடுவியோன்னு பயம்.”

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் சட்டென்று சொன்ன பதிலுக்குத் தனக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டதே என்பது முள்ளாய்த் தைத்தது. அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிட்டாள். “ரெண்டு பேரும்னா வர்றோம் சார்.” அவர் “பார்க்கலாம்” என்றார். அதன்பின் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

தையல் கடை மாடியில் இயங்கிய ஒரு குட்டிக் கம்பெனிதான் கடைசியில் அவர்கள் பாட்டை வெளியிட்டது. ஒப்பந்தத்தில் இருவரையும் பிரிக்கக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக எழுத வைத்தாள். பாட்டு மெதுவாக வாய்க்கு வாய் பரவியது. அது பரவவே, பெரிய கம்பெனி அந்தக் குட்டிக் கம்பெனியை அப்படியே விலைக்கு வாங்கிவிட்டது. அந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம். ஒப்பந்தமும் கூடவே பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. அன்று வேண்டாமென்று விட்ட தம்பியையும் அவர்கள் சேர்த்தே ஏற்க வேண்டியதாயிற்று.

இப்போதும் அந்த அலுவலகத்து எண் போனில் தெரிந்தால் அவளுக்குத் திக்கென்கிறது. எடுத்ததும், “இதே விஷயமா என் தம்பிகிட்டயும் பேசினீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறாள்.