டெனிஸின் அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள்

செத்துப்போனவளின் பெயர்கூட அன்புராசாவுக்குத் தெரியாது. டெனிஸின் அம்மா என்று மட்டும்தான் தெரியும். ஆனாலும் செய்தி கேட்ட அன்றே, கனடாவில், ஸ்காபரோவில் தான் குடியிருந்த நிலக்கீழ் பேஸ்மன்றுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தான். இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டான். சவரம் செய்யவில்லை. சாவுத் தீட்டு என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை.

"என்னடாப்பா, துடக்கோ?" என்று தில்லையம்பலம் கேட்டார். வீடு அவருடையது. மேலே அவர் குடும்பம், கீழே அன்புராசா. இரண்டு பேருக்கும் வேலை மிசிசாகாவில், ஒரே யன்னல் தொழிற்சாலையில். போய்வருவது அவருடைய வான் வண்டியில்.

"ஓம் அண்ணை. வேண்டிய ஒராள் மோசம் போயிட்டா."

"ஆர்?"

"அம்மா மாதிரி."

தில்லையம்பலம் அதற்குமேல் கேட்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்துச் சனம் போருக்குப் பயந்து வீடுகளை விட்டு வன்னிக்குப் போய்ச் சிதறிக் கிடந்த நேரம். யார் வீட்டில் யார் இல்லாமல் போனார்கள் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. டெலிபோன் மணி அடித்தால் எடுக்கப் பயந்தவர்கள் பாதிப் பேர். அந்த மரியாதைக்குள் அன்புராசாவின் பொய் சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டது.

டெனிஸை அவன் சந்தித்தது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பெண்கள் உடை களைந்து ஆடும் ஒரு கிளப்பில். காலை வேலை முடிந்து, தில்லையம்பலம் ஓவர்டைம் செய்யும் நாட்களில் பஸ் ஏறி அங்கே போவான். பகலிலும் உள்ளே இருட்டு. முதல் நாள் கூட வேலை செய்பவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு தனியாகவே போனான்.

மேடையில் அவளுக்கு வேறு பெயர். மூன்றாவது முறை அவன் போனபோது, "என் உண்மையான பெயர் டெனிஸ், யாருக்கும் சொல்லிவிடாதே" என்றாள். அந்தப் பெயரை அவன் நகை மாதிரிப் பொத்தி வைத்துக்கொண்டான். மேசைக்கு வந்து ஆடுவதற்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. அவன் அதைக் கொடுத்துவிட்டு, ஆட வேண்டாம், இருந்து கதைத்தால் போதும் என்பான். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். அவனுடைய ஆங்கிலம் தொழிற்சாலையில் படித்தது. அதற்கு அவள் பொறுமையாகக் காது கொடுத்தாள். எட்டு வருடமாக இந்த நாட்டில் அவனை யாரும் "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டதில்லை. அவள் கேட்டாள்.

அவள் மேடையேறும் முறை வந்தால் அன்புராசா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பான். கட்டப்போகிற பெண்ணை நாலு பேரோடு சேர்ந்து பார்ப்பது சரியில்லை என்று நினைத்தான். காசு கொடுத்து வந்து சுவரைப் பார்க்கிற மனிதன் என்று வாசலில் நிற்கும் தடியன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கட்டப்போகிறேன் என்று அவளிடம் அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒருமுறை அவள் கார் பனிக்குள் நின்றுவிட, டாக்சி பிடித்து எற்றோபிக்கோவில் அவளுடைய கட்டடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறான். சாமான் பைகளை ஆறாம் மாடிக் கதவுவரை தூக்கிச் சென்றிருக்கிறான். வீடு குழம்பிக் கிடக்கிறது என்று அவள் உள்ளே கூப்பிடவில்லை. மானமுள்ள பெண் என்று நினைத்துக்கொண்டு திரும்பினான்.

பிறகு அவள் அழுதாள். வடக்கே, சட்பரிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா செத்துப்போனாள், அடக்கம் செய்யக் காசில்லை என்றாள். அன்புராசா தான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டை அந்த மாதமே பெருங்கழிவுக்குக் கேட்டு எடுத்தான். சீட்டுக்காரி, "உவனுக்கு என்ன அவசரமோ" என்று முணுமுணுத்தாள். முழுக் காசையும் டெனிஸின் கையில் கொடுத்தான். செத்தவீட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னான். தூரம், குடும்பத்தார் மட்டும்தான் என்றாள். அதுவும் நியாயமாகவே பட்டது.

கொடுத்த காசை அவன் அன்றோடு மறந்துவிட்டான். தாயைக் காசு கொடுத்து அடக்கம் செய்தவன் அந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டான் என்பது அவன் கணக்கு. அதனால்தான் துடக்குக் காத்தான்.

*

தில்லையம்பலத்தின் மனைவிக்கு ஒரு தங்கை, மங்கையற்கரசி. மேலே அவர்களோடுதான் இருந்தாள். முப்பத்தைந்து வயது. பேக்கரியில் வேலை. அவளை அன்புராசாவுக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று தில்லையம்பலம் கோடை முழுதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்று சொல்ல அன்புராசாவுக்கு வாய் வரவில்லை. இப்போது ஒரு சாட்டுக் கிடைத்தது.

"துடக்குக் கழியட்டும் அண்ணை. முப்பத்தொண்டு முடிய நல்ல பதில் சொல்லுறன்."

நல்ல பதில் என்று அவர் மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து மங்கை அவனுக்குச் சமைக்கத் தொடங்கினாள். விடிய வேலைக்குப் போகுமுன், புதுச் சட்டியில் தனியாக மரக்கறி சமைத்துக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போவாள். அவன் எத்தனையோ தரம் வேண்டாம் என்றான்.

"துடக்குக்காரர் தனியச் சமைச்சுத் தின்னக்கூடாது," என்றாள். "நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ."

தில்லையம்பலத்துக்குத்தான் கஷ்டம். வானுக்குள் மட்டன் ரோல் தின்பது அவர் பழக்கம். "உனக்காக நான் வாயைக் கட்டிக்கொண்டு வாறன், தெரியுமோ," என்று வழியெல்லாம் சொல்லிக் காட்டினார்.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு, செத்தவருக்கு விருப்பமானது ஏதாவது வைக்க வேண்டும் என்று மங்கை கேட்டாள். அன்புராசா கிளப்பில் டெனிஸைக் கேட்டான். எங்கள் வழக்கத்தில் இப்படி ஒரு நாள் உண்டு, அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்றான். டெனிஸ் மேடைப் பக்கம் பார்த்தாள். "அப்பிள் பை," என்றாள்.

"அப்பிள் பையோ?" என்றாள் மங்கை.

"கனடாவில இருந்தவ."

மங்கை அதைப் பேக்கரியில் தன் கையாலேயே செய்து கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, மோதகம், பாயாசத்தோடு தலைவாழை இலையில் அப்பிள் பையும் இருந்தது. மங்கை கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டாள். அன்புராசா அவளைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"செத்தவீட்டுக்காரருக்கும் கொஞ்சம் குடுக்கோணும் அண்ணை. வானை எடுங்கோ," என்றான்.

*

வான் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் உண்மையைச் சொன்னான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பெண் கேட்பதுதான் முறை, அதனால்தான் கூட்டிவந்தேன் என்றும் சொன்னான்.



"வெள்ளைக்காரியின்ர தாய்க்கோடா நான் ரோல் தின்னாமல் இருந்தனான்?"

"ஓம் அண்ணை."

"எங்க வேலை செய்யிறாள்?"

"ஆடுற இடத்தில."

"கோயில்லயோ?"

"இல்லை அண்ணை."

"விளங்குது. அப்ப மங்கைக்கு நான் என்ன சொல்லுறது? உனக்கு விசரோ, மடைச்சாம்பிராணி?" அவர் கோபத்தில் வானைத் திருப்பியிருப்பார். ஆனால் பின்னால் படையல் சாப்பாடு இருந்தது. அதைக் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை.

ஆறாம் மாடியில் கதவைத் திறந்தவள் வயதான பெண். கம்பளிச் சப்பாத்து, மூக்கு நுனியில் கண்ணாடி. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"டெனிஸ் இருக்கிறாளா?" என்றான் அன்புராசா.

"குளிக்கிறாள். உள்ளே வாருங்கள். நான் அவளுடைய அம்மா."

அன்புராசாவின் கையில் பாத்திரம் சரிந்தது. அந்தப் பெண்ணே பிடித்துக்கொண்டாள். "எனக்கா? என்ன வாசனை," என்று மூடியைத் திறந்தாள். ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். உறைக்கிறது என்று சிரித்தாள். அடியில் அப்பிள் பையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "எனக்கு உயிர். டெனிஸ் சொன்னாளா?"

"சொன்னாள்," என்றான் அன்புராசா.

தில்லையம்பலம் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். "செத்தது இவவோ?"

"பேசாமல் இருங்கோ அண்ணை."

"வடை சாப்பிடுறா அன்பு."

ஈரத் தலையோடு டெனிஸ் வெளியே வந்தாள். அவனைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் அவன் கண்ட முதல் உண்மையான உணர்ச்சி அதுதான். பயம்.

"உன் சிநேகிதர்கள் எவ்வளவு நல்லவர்கள்," என்றாள் தாய். "எங்கே பழக்கம்?"

 டெனிஸின் கண்கள் அவனைக் கெஞ்சின. அன்புராசாவுக்கு விளங்கிவிட்டது. மகள் எங்கே வேலை செய்கிறாள் என்று தாய்க்குத் தெரியாது. ஒரு சொல் போதும், எல்லாக் கடனும் தீர்ந்துவிடும்.

"உணவகத்தில்," என்றான். "நான் குசினியில் சமைக்கிறேன்."

டெனிஸ் கீழே வாசல்வரை கூட வந்தாள். தில்லையம்பலம் வானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் இங்கே வந்தாய்?"

"அம்மா செத்துப்போனாள் என்றாய்."

"வாடகைக்கு என்று கேட்டால் யாரும் தருவதில்லை. செத்துவிட்டார்கள் என்றால் தருகிறீர்கள்." அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். ஈரத் தலையில் குளிர் அடித்தது. "அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துதானே வந்தாய். அங்கே எல்லோரும் கதைதான் சொல்வோம். நீ காசு தந்தாய். நான் உன்னோடு இருந்து கேட்டேன். நான் உன்னிடம் எதையாவது சத்தியம் பண்ணினேனா?"

அவன் யோசித்துப் பார்த்தான். பண்ணவில்லை.

"நான் இறைச்சி சாப்பிடவில்லை," என்றான். "முப்பத்தொரு நாள்."

"என்ன?"

துடக்கு என்றால் என்ன என்று அவனுடைய ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் நின்றான். டெனிஸ் அவனையே பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வந்தது. அது நிஜமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை.

"என் அம்மாவிடம் பேசாமல் விட்டாயே, அதற்கு நன்றி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

*

திரும்பும் வழியில் தில்லையம்பலம் பொலிஸ் என்றார், வழக்கு என்றார், சீட்டுக்காரியிடம் என்ன சொல்லப்போகிறாய் என்றார்.  வீடு வந்ததும் அவர், "மங்கைக்கு நீயே சொல்லு. என்ர வாயால சொல்லமாட்டன்," என்று மேலே ஏறிப் போய்விட்டார்.

மங்கை பேஸ்மன்றில் படையல் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "குடுத்தாச்சோ? பை எப்பிடியாம்?"

அன்புராசா நின்றபடியே சொன்னான். கிளப்பைச் சொன்னான், சீட்டைச் சொன்னான், கதவைத் திறந்தவள் யாரென்று சொன்னான். மங்கை துணியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ?"

"இல்லை."

"நல்லது," என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் குரல் மாறியது. "எங்கட அம்மா வன்னியில செத்தது உங்களுக்குத் தெரியுந்தானே?"

தெரியும். வசந்த காலத்தில் வந்த செய்தி. இறந்து மூன்று மாதம் கழித்து, துடக்கு நாளெல்லாம் கடந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

"தலையில தண்ணி வாத்ததோட சரி. ஒரு நாள்கூடத் துடக்குக் காக்கக் குடுத்து வைக்கேல்லை. இந்த முறை உங்கட ஆளெண்டு சொன்னவுடன, அம்மாவுக்குச் செய்யாததை அவவுக்கெண்டாலும் செய்வம் எண்டு நினைச்சன். விடியக் காலமை சமைக்கேக்க அம்மாவோட கதைச்சுக் கதைச்சுத்தான் சமைச்சனான்." அவள் அவனைப் பார்த்தாள். "நான் ஆருக்குச் சமைச்சன் அன்பு அண்ணை?"

இதுவரை அவள் அவனை அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

தன்னையும் ஒருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். அந்தச் சொல்லுக்கு இங்கே இடமில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான்.

"எனக்கு விசர் மங்கை. இண்டைக்கு அண்ணைக்குப் பதில் சொல்லுறன் எண்டனான். அதை..."

"அதை நானே சொல்லிவிடுறன்," என்றாள்.

படியேறிப் போனாள். மேலே கதவு சாத்தப்படவில்லை. அதனால் அவள் பேசியது கீழே தெளிவாகக் கேட்டது. அழுகையோ கோபமோ இல்லாத குரல்.

"அத்தான், அந்தக் கதை வேண்டாம். இனி ஒருக்காலும் என்னட்டைக் கதையாதேங்கோ."

தில்லையம்பலம் ஏதோ சொன்னார். பிறகு குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். அன்றைய சமையல் பாத்திரங்களை அவள் ஒவ்வொன்றாகக் கழுவினாள். நிறையப் பாத்திரங்கள். அன்புராசா கீழே நின்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.