மனுவில் எழுதாதது

என் வேலை என்னவென்று வரதராசன்பேட்டையில் ஒருத்தருக்கும் இதுவரை புரியவைக்க முடியவில்லை. அம்மா சொந்தக்காரர்களிடம், ஷாலினி கம்ப்யூட்டர்ல உக்காந்துருக்கா என்று சொல்லி முடித்துவிடுவார். அரியலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். இன்ன ஊரில் இவ்வளவு பேருக்கு இன்ன கஷ்டம், நீங்கள் நிதி கொடுத்தால் இதைச் செய்வோம் என்று அறக்கட்டளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவதுதான் வேலை. அதற்கு ப்ரபோசல் என்று பெயர். டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். இயக்குநர் அருளானந்தம் சாருடைய எழுத்தைப் பார்த்து வயிறு எரிந்து நானே திருத்த ஆரம்பித்தேன். திருத்தியதற்கு நிதி வந்தது. அதோடு எழுதுகிற வேலை மொத்தமும் என் தலையில் விழுந்தது. இப்போது பெரம்பலூரிலிருந்தெல்லாம் கூப்பிட்டு எழுதித் தரச் சொல்கிறார்கள். நன்றாகத்தான் எழுதுவேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

போன வருடம் என் உயிரை வாங்கியது உடையார்பாளையம் பக்கத்தில் நாங்கள் நடத்தும் பால்வாடி. அந்த ஊர்ப் பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அரசாங்கப் பால்வாடி சாயங்காலத்துக்கு முன்பே பூட்டிவிடும், இவர்களுக்கோ இருட்டும் வரை வேலை. அதனால் பிள்ளைகளும் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தன. அவர்களில் ஒருத்தியான பூங்காவனத்தின் மகள் கவியாவுக்குக் கன்னத்தில் எண்ணெய் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. நாங்கள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஆள் போட்டு, அம்மாக்கள் திரும்பும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு ஒரு பிள்ளைக்கும் காயம் இல்லை. அதற்கான நிதி மே மாதத்தோடு முடிவதாக இருந்தது. புது அறக்கட்டளை ஒன்று என் ப்ரபோசலைப் படித்துவிட்டு, நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றது. அதுவும் கைவிட்டால் ஜூனில் கவியா மறுபடியும் கொட்டகைக்குத்தான் போகவேண்டும்.

முன்கூட்டியே போய்ப் பெண்களை உட்காரவைத்துச் சொன்னேன். சென்னையிலிருந்து ஒரு மேடம் வருகிறார், அவர் அதிகாரி இல்லை, பால்வாடியைப் பற்றிக் கேட்பார், அதை மட்டும் பேசுங்கள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஜானகி மேடம் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். கையில் ஃபைல் வேறு. அங்கேயே காரியம் கெட்டது. எங்கள் பக்கம் வெள்ளைக் காரிலிருந்து ஃபைலோடு இறங்கினால் அதிகாரி, அதிகாரி வந்தால் மனு. அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். வீட்டுமனைப் பட்டா, விதவை உதவித்தொகை, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று ஆளுக்கொரு மனு. ரெங்கம்மாள் போட்டோ ஒட்டி, ஆதார் நகல் வைத்து, பின் குத்திக் கொண்டுவந்திருந்தாள். என்ன இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் கேட்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரை வெறுங்கையோடா அனுப்புவது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுக்களை வாங்கிக் கிழித்துப் போட்டிருப்பேன்.

மேடம் பொறுமையாக ஒவ்வொன்றையும் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பால்வாடிதான் இவர்களுடைய முதல் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இத்தனை மனுவில் ஒன்றில்கூடப் பால்வாடி இல்லையே என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நான் எழுதிய அத்தனை பக்கமும் பொய் என்று அவர் நினைத்துவிட்டார், எல்லாம் போயிற்று என்றே எனக்குத் தோன்றியது. அவர் என்னை விட்டுவிட்டு அதையே பெண்களிடம் கேட்டார்.

பூங்காவனம் கவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். கொஞ்சம் முன்னால் வந்தாள்.

"மனு குடுத்தது எதுங்க நடந்துருக்கு? எங்க மாமியா காலத்துலேருந்து சுடுகாட்டுப் பாதைக்குக் குடுக்குறோம். பால்வாடி நடக்கணும்ங்க. அதான் அத எழுதல."

பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். மற்றப் பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மேடம் மனுக்களை அடுக்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். போகும்போது டீ குடித்துவிட்டுத்தான் போனார். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே மாதம் முடிய இருக்கும்போது பதில் வந்தது. ஒரு வருடத்துக்குக் கேட்டிருந்தோம், மூன்று வருடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ப்ரபோசல் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்று தனியாக ஒரு வரி வேறு. அருளானந்தம் சார் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். நான் அந்தக் கடிதத்தையும் ப்ரபோசலையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பால்வாடிப் பெண்களுக்குக் காட்டி, இதுதான் என் வேலை, இதை எழுதித்தான் வாங்கினேன் என்று ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கொட்டகை வாசலில் பூங்காவனத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் பயந்துபோயிருந்தாள்.

"இதுக்குன்னு யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்கலையேம்மா?"

பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"இல்லக்கா," என்றேன். "ஒரு வரிகூட எழுதல."